சிற்றூர்ப் பாடசாலையும் தலைக்கணக்கும்

ஆண்டுதோறும் ஜூன் மாதத்திற் பாடசாலைகள் திறந்த சின்னாட்களுக்குள் நம் நாட்டுத் தினசரிகளில் ஒரு செய்தி தவறாது வெளிவருகின்றது. இன்ன ஜில்லாவில் இன்ன கிராமத்துப் பள்ளியில் இவ்வாண்டு மூன்றே பிள்ளைகள். இன்னோரிடத்தில் ஒருவருமிலர் என்பதே அச்செய்தி. 2025-ஆம் ஆண்டிலும் இருநூற்றுக்கு மேற்பட்ட அரசாங்கப் பாடசாலைகளில் ஒரு பிள்ளையுமில்லை என்று படித்தோம். படிப்போர் ஒரே மூச்சில் மூன்று முடிபுகளுக்கு வந்துவிடுகின்றனர். பிள்ளைகள் சேரவில்லை, ஆதலின் அங்கே போதனை நன்றாயில்லை, ஆதலின் அதனை மூடிவிடுவதே தகும் என்பன அவை. இம்மூன்றும் ஒரு சங்கிலியின் கண்ணிகள்போலத் தோன்றினும், உற்று நோக்குவார்க்கு அவை தனித்தனி விஷயங்கள் என்பது புலனாகும். தொகை குறைந்ததற்குக் காரணம் ஒன்று. போதனை தளர்ந்ததற்குக் காரணம் வேறொன்று. இரண்டையும் பிரித்துப் பாராமல் மூன்றாவதற்குச் செல்லுதல் நியாயமன்று.

ஒரு கலாசாலைச் சஞ்சிகையில் இதைப்பற்றி எழுதுவானேன் என்று வினவுவாரும் இருக்கலாம். இதனைக் கையிலெடுக்கும் மாணாக்கருட் பலருடைய தாய்தந்தையரும், ஆசிரியருட் பலரும், பழைய மாணாக்கருள் மிகப் பலரும் முதன்முதல் எழுத்தறிந்தது கிராமத்தில் ஓர் ஓட்டுக்கூரைக் கட்டடத்தின் கீழேயாம். அங்கிருந்து புறப்பட்டு வந்தவர்களே நாம். நாம் புறப்பட்டு வந்ததற்கும், அப்பாடசாலை இன்றிருக்கும் நிலைக்கும் தொடர்பு உண்டு என்பதே இவ்வியாசத்தில் நாம் சொல்ல விழைவது.

முதற்கண் தொகையைக் கவனிப்போம். 1971-ஆம் ஆண்டையொட்டித் தமிழ்நாட்டில் ஆயிரம் பேருக்கு ஆண்டொன்றுக்கு முப்பதுக்கு மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. 2020-இல் அத்தொகை பதினான்குக்குக் கீழே இறங்கிவிட்டது. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டுப் பெண்ணொருத்தி சராசரியாகப் பெறும் பிள்ளைகள் 1.8, அதாவது இருவர்கூட இல்லை. இனி ஆயிரம் பேர் வாழும் ஒரு சிற்றூரைக் கற்பித்துக்கொண்டு கணக்கிடுவோம். அந்நாளில் ஆண்டுக்கு முப்பது பிறப்பு. சிசு மரணங்களைக் கழித்து இருபத்தைவர் பள்ளி வயதை எய்தினராக, ஐந்து வகுப்புகளுக்கும் 125 பிள்ளைகள். இந்நாளில் ஆண்டுக்குப் பதினான்கு. ஐந்து வகுப்புக்கும் 70. பிழைப்பின் நிமித்தம் திருப்பூருக்கும் சென்னைக்கும் குடிபெயர்ந்த இளங்குடும்பங்களைக் கழிக்க, ஊரில் எஞ்சியவர் 50 என்று வைத்துக்கொள்வோம். அவருட் பாதிப்பேர் காலையில் வேனில் ஏறித் தனியார் பாடசாலைக்குப் போய்விட்டால், ஊர்ப் பள்ளியில் மிஞ்சுவோர் 25. பழைய தொகையினின்று குறைந்த நூறு பிள்ளைகளில் எழுபத்தைவர் ஒன்று பிறக்கவேயில்லை, அல்லது ஊரிலேயே இல்லை. இருபத்தைவரே பள்ளியை வேண்டாமென்று விட்டவர். (அக்காலத்தில் வயதெய்திய பிள்ளைகளெல்லாரும் பள்ளிக்கு வந்துவிடவில்லை என்பது நமக்குத் தெரியும், வழியைக் காட்டவே இக்கணக்கு.) இந்த எழுபத்தைவருக்காக உபாத்தியாயரை நோவதாற் பயனென்ன? குடும்பக் கட்டுப்பாட்டுக்காக நாற்பதாண்டு பிரசாரம் செய்த அரசாங்கமே, அதன் பலனைக் கண்டு பாடசாலையைக் குறைகூறுவது வேடிக்கைதான்.

தொகை சிறுத்த பள்ளியின் தேர்ச்சியை நூற்றுவீதத்தில் அளப்பது பிறிதொரு வேடிக்கை. ஐந்தாம் வகுப்பில் நான்கே பிள்ளைகள் உள்ள ஊரில் ஒரு பிள்ளை வாசிக்கத் தெரியாமல் நின்றால், நூற்றுக்கு இருபத்தைந்து பேர் தேறவில்லை என்று பதிவாகின்றது. அடுத்த ஆண்டு நால்வரும் வாசித்துவிட்டால் அதே பள்ளி நூற்றுக்கு நூறு பெற்ற உத்தமப் பள்ளியாகி விடுகின்றது. இரண்டாண்டிலும் அதே உபாத்தியாயர், அதே கரும்பலகை. இத்தகைய எண்களைக்கொண்டு பள்ளிகளுக்கு வரிசை ஏற்படுத்துவது, இரண்டு நாள் மழையைக்கொண்டு பருவத்தைக் கணிப்பது போல்வதாம். பக்கத்துக் கேரளத்தில் பிள்ளைகள் குறைந்த பாடசாலைகளுக்கு ‘ஆதாயமற்ற பள்ளிகள்’ என்னும் பொருள்படும் ஒரு பெயரையே அரசாங்கம் நெடுங்காலம் வழங்கிவந்தது. பள்ளிக்கூடத்தை மளிகைக்கடை போல எண்ணினாலொழிய அச்சொல் வாயில் வாராது.

இனி, வேனில் ஏறியவர்களைப்பற்றிப் பேசுவோம். அப்பெற்றோரைப் பரிகசிக்கும் வழக்கம் படித்தவர்களிடையே உண்டு. நமக்கு அதில் உடன்பாடில்லை. நூறுநாள் வேலைக்குப் போகும் தாயொருத்தி தன் கூலியிற் பாதியைப் பள்ளிக் கட்டணமாகக் கொடுக்க முன்வருகிறாளாயின், அவள் கல்வியின் அருமையை நம்மினும் நன்கறிந்தவள். அவள் விரும்புவன இரண்டு. ஒன்று, ஆங்கிலம். மற்றொன்று, மூன்று வயதுப் பிள்ளையை நாள் முழுதும் வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஓரிடம். ஊர்ப் பாடசாலை ஐந்து வயதில்தான் கதவைத் திறக்கின்றது. தனியார் பள்ளியோ மூன்று வயதிலேயே எல்.கே.ஜி. என்று அழைத்துக்கொள்கின்றது. அங்கே சீருடையும் டையும் அணிந்து இரண்டாண்டு போய்வந்த பிள்ளையை மூன்றாவது ஆண்டில் ஊர்ப் பள்ளிக்குத் திருப்பிக் கொண்டுவருவது எந்தத் தாய்க்கும் மனமொவ்வாத காரியம். எனவே முதல் வகுப்புச் சேர்க்கை முதல் வகுப்பில் நடைபெறுவதன்று. அதற்கு இரண்டாண்டு முன்பே முடிந்துபோகின்றது. அரசாங்கம் 2012-13 முதல் ஆங்கிலவழிப் பிரிவுகளைத் திறந்தது. 2019-இல் நடுநிலைப் பள்ளிகளையொட்டிய அங்கன்வாடிகள் 2,381-இல் மழலையர் வகுப்புகளையும் தொடங்கிற்று. முன்னதைவிடப் பின்னதே நோய்க்கு ஏற்ற மருந்து என்பது நம் அபிப்பிராயம். ஆனால் சிற்றூர்களில் இருப்பவை பெரும்பாலும் தொடக்கப் பள்ளிகளேயாதலின், மருந்து போய்ச் சேரவேண்டிய இடத்துக்கு அது போய்ச் சேரவில்லை.

வேன் கொண்டுபோய் விடும் பள்ளியிற் கல்வி மேம்பட்டதா? இதற்கு விடை காணும் பொருட்டு ஆந்திர தேசத்தில் 2008 முதல் 2012 வரை ஒரு பெரிய சோதனை நடந்தது. ஐந்து ஜில்லாக்களில் 180 கிராமங்களைத் தெரிந்து, அரசாங்கப் பள்ளிப் பிள்ளைகளுட் சிலரைக் குலுக்கல் முறையால் எடுத்து, செலவை ஏற்றுத் தனியார் பள்ளிகளுக்கு அனுப்பினர். கார்த்திக் முரளீதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் என்னும் பொருளாதார அறிஞர் இருவர் நான்காண்டு கழித்து இருசாராரையும் பரீட்சித்து 2015-இல் முடிபை வெளியிட்டனர். தெலுங்கிலும் கணக்கிலும் இருசாராருக்கும் வேற்றுமையில்லை. ஹிந்தியில் மட்டும் தனியார் பள்ளிக்குச் சென்றவர் மேம்பட்டிருந்தனர். இதைக்கொண்டு அரசாங்கப் பள்ளியின் பக்தர்கள் மகிழ்ந்துவிட வேண்டா. அந்தத் தனியார் பள்ளிகள் தெலுங்குக்கும் கணக்குக்கும் குறைந்த நேரமே செலவிட்டு, பிள்ளை ஒன்றுக்கு அரசாங்கம் செலவிடுவதில் மூன்றில் ஒரு பங்களவே செலவிட்டு, அதே பலனை எய்தியிருந்தன. அப்பரீட்சையில் தலைநிமிரத்தக்கவர் ஒரு சாராரும் இலர் என்றே நமக்குத் தோன்றுகின்றது.

நம் நாட்டுச் சிற்றூர்ப் பிள்ளைகளின் வாசிப்புத் திறமும் தலைநிமிரத்தக்கதாயில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தட்டின்றி வாசிக்கிறதா என்று வீடுவீடாகச் சென்று பார்க்கும் ‘ஆசர்’ கணக்கெடுப்பில், 2018-இல் தமிழ்நாட்டுக் கிராமப் பிள்ளைகளில் நூற்றுக்குப் பத்துப்பேரளவே அங்ஙனம் வாசித்தனர். கொள்ளைநோய்க் காலத்திற் பள்ளிகள் அடைபட்டுக் கிடந்த பின்னர், 2022-இல் அது நூற்றுக்கு ஐவருக்கும் கீழே வீழ்ந்தது. 2024-இல் மீண்டும் ஏறிற்று. இது வேனில் போகும் பிள்ளைகளையும் சேர்த்த கணக்கு என்பதை மறத்தலாகாது. ஏறினாலும் இறங்கினாலும், மூன்றாம் வகுப்பில் பத்துப் பிள்ளைகளில் ஒருவரே செவ்வையாக வாசிக்கிறார் என்பது நமக்கு வெட்கம் தரத்தக்கதே. இதை மறைத்துக்கொண்டு ஊர்ப் பள்ளிக்கு வக்காலத்து வாங்குவோர், அப்பள்ளியின் நண்பர் அல்லர்.

உபாத்தியாயர்களின் குறையும் உண்டு. பதினோரு மணிக்கு வந்து மூன்று மணிக்குப் பேருந்தைப் பிடிக்கும் உபாத்தியாயரை நாமறியாதவரல்லோம். ஆயினும் அவர் நிற்கும் நிலையையும் பார்த்தல் வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின்படி அறுபது பிள்ளைகள் வரையில் உபாத்தியாயர் இருவரே. வகுப்புகளோ ஐந்து. ஒருவர் தலைமையாசிரியர், அவர் வருகைப் பதிவையும் சத்துணவுக் கணக்கையும் கைப்பேசியில் ஏற்றி, கூட்டத்துக்கு வட்டார அலுவலகம் சென்று, தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியலையும் சரிபார்க்க வேண்டும். மற்றவர் விடுப்பெடுத்த நாளில் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். முதல் வகுப்புக்கு ‘அணில்’ சொல்லிக்கொடுக்கும்போது ஐந்தாம் வகுப்பு சன்னலுக்கு வெளியே பார்க்கின்றது. ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் நடத்தும்போது முதல் வகுப்பு உறங்குகின்றது. தொகை குறைவதால் உபாத்தியாயர் குறைகின்றனர். உபாத்தியாயர் குறைவதால் போதனை குறைகின்றது. போதனை குறைவதைக் கண்டு இன்னும் சிலர் வேனில் ஏறுகின்றனர். போதனை குறைந்ததனால் தொகை குறைந்தது என்று மேலே சிலர் முடிபு செய்தனரே, அது தலைகீழாய் நிற்கும் முடிபு என்பதை இதனால் உணரலாம்.

பல வகுப்பை ஒருவர் நடத்துவது ஆகாத காரியமுமன்று. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஓர் உபாத்தியாயரே பல தரத்துப் பிள்ளைகளையும் வைத்து நடத்தினார். மூத்த பிள்ளை சட்டாம்பிள்ளையாகி இளைய பிள்ளைக்கு மணலில் எழுதக் காட்டினான். 1789 முதல் சென்னை எழும்பூர் அநாதைச் சிறுவர் பள்ளியின் மேற்பார்வையாளராயிருந்த ஆண்ட்ரு பெல் பாதிரியார் இம்முறையைக் கண்டு வியந்து, தம் பள்ளியிற் கையாண்டு, 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்று பேர்பெற்று இங்கிலாந்து முழுவதும் பரவியது அதுவேயாம். நம் காலத்தில், மதனப்பள்ளியை அடுத்த ரிஷிவேலியில் சுற்றுக் கிராமங்களுக்கென ஓராசிரியர் பள்ளிகளை ஏற்படுத்தி, பிள்ளை தானே படிப்படியாக ஏறும்படி அட்டைகளை அமைத்தனர். அதனைப் பின்பற்றியே சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் செயல்வழிக் கற்றல் தொடங்கி, 2007-இல் தமிழ்நாடு முழுவதும் பரவிற்று. 2022-இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் பிள்ளைகளை வகுப்பால் பிரியாது அரும்பு, மொட்டு, மலர் என நிலையாற் பிரிக்கின்றது. கருத்து நல்லது. ஆனால் ஒன்று வேரூன்றுமுன் மற்றொன்று வந்துவிடுவது நம் நாட்டு வழக்கமாய்விட்டது. அட்டைகள் பலவிடங்களில் இன்று அலமாரிக்குள் தூங்குகின்றன.

நிற்க. இதுவரை கூறியது தொகையும் போதனையும் பற்றியது. நமக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது, எத்துணைப் பேர் போனார் என்பதன்று. யார் போனார் என்பதே. இதனை விளக்கச் சற்றே பின்னோக்கிச் செல்லவேண்டும்.

1822-இல் சென்னைக் கவர்னர் தாமஸ் மன்றோ உத்தரவிட்டு எடுத்த கணக்கின்படி, இவ்விராஜதானியில் 12,498 பள்ளிகளும் 188,650 மாணாக்கரும் இருந்தனர். அதற்குச் சற்று முந்திய காலத்து ஐரோப்பிய தேசங்களோடு ஒப்பிடினும் அது இழிவான நிலையன்று என்று மன்றோவே கருதினார். ஆனால் அப்பள்ளிகள் ஊரார் கொடுத்த நெல்லாலும் காசாலும் நடந்தவை. கொடுத்தவர் பிள்ளைகள் படித்தனர். கொடுக்க இயலாதவரும், திண்ணையில் ஏறலாகாதென்று விலக்கப்பட்டவரும், பெண்மக்களும் பெரும்பாலும் வெளியே நின்றனர். அவ்வெளியே நின்றவர்களை நோக்கி மிஷனெரிமார் சென்றதும் நாமறிந்த வரலாறே. தரங்கம்பாடியில் 1707-லேயே பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. 1820-இல் ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தபின் திருநெல்வேலிச் சீமையின் கிராமங்களில் ஓலைக்கூரைப் பள்ளிகள் பெருகின. ஞாயிற்றுக்கிழமை அதுவே ஜெபவீடு, மற்றை நாளிற் பாடசாலை; உபதேசியாரே உபாத்தியாயர். அங்கும் ஜாதி வேற்றுமை முற்றும் ஒழிந்துவிட்டதென்று நாம் கூறோம். பலகை வேறு, பானை வேறு என்ற வழக்கு பல சபைகளில் நெடுநாள் நீடித்தது. எனினும் பள்ளியின் கதவு எவருக்குத் திறந்திருக்க வேண்டும் என்ற கேள்வி அங்கேதான் கிராமத்தின் காதில் முதன்முதல் உரத்து விழுந்தது.

1954 முதல் 1963 வரை முதன்மந்திரியாயிருந்த காமராஜர் காலத்தில் அக்கேள்விக்கு அரசாங்கமே விடை கூறிற்று. பள்ளியில்லாத சிற்றூர்களுக்குப் பள்ளி வந்தது, 1956-இல் ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு வந்தது, 1982-இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். ஒரு தலைமுறைக் காலம், பண்ணையார் பேரனும் பண்ணையாள் பேரனும், மனமொப்பியோ ஒப்பாமலோ, ஒரே பலகையில் இருந்தனர். வேறு பள்ளி அண்மையில் இல்லாததும் அதற்கொரு காரணம் என்பதை ஒளிப்பானேன்?

இன்று வேன் அதைப் பிரித்துவிட்டது. காலை எட்டு மணிக்கு ஏதேனும் ஒரு சிற்றூரின் நாற்சந்தியில் நின்று பாருங்கள். வேன் எத்தெருவில் நிற்கின்றது, எத்தெருவுக்குள் நுழையாமலே போகின்றது என்பதைக் கவனித்தால் போதும். போனவர்கள் கட்டணம் கொடுக்க வல்லவர், நின்றவர்கள் வல்லமையற்றவர். வல்லமையற்றவர் யார் என்பதை நம் நாட்டில் எவரும் விளக்க வேண்டுவதில்லை. பல ஊர்களில் ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கு ‘காலனிப் பள்ளி’ என்றே பேர் வழங்கிவிட்டது. பெயர் அப்படி ஆனபின், கட்டணம் கொடுக்க இயலாத மற்றை வகுப்பாரும் கடன் வாங்கியாயினும் தம் பிள்ளையை வேனில் ஏற்றுகின்றனர். 2023-இல் கரூர் ஜில்லாவில் ஒரு பள்ளியில் பட்டியல் வகுப்பைச் சேர்ந்த பெண் சமைத்த காலை உணவைத் தம் பிள்ளைகள் உண்ணலாகாதென்று சில பெற்றோர் தடுத்ததும், கலெக்டரே நேரிற் சென்று அவர் சமைத்ததை உண்டதும் பத்திரிகைகளில் வந்தன. ஆங்கிலத்தின்மேல் வைத்த ஆசை மட்டும் ஊர்ப் பள்ளியைக் காலி செய்யவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

போனவர்கள் தம் பிள்ளைகளை மட்டும் கொண்டுபோகவில்லை. கேள்வி கேட்கும் வாயையும் உடன்கொண்டு போயினர். உபாத்தியாயர் இரண்டு நாள் வராவிட்டால், முன்பு ஊரில் ஒருவர் வெள்ளைச் சட்டையோடு வந்து ‘ஏன் சார் நேற்றுப் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது?’ என்று கேட்பார். அவர் பேரனும் அங்கே படித்தான். குழாயில் நீர் வாராவிடில் ஊராட்சித் தலைவருக்கு உடனே தெரியும். அவர் மகளும் அங்கே தாகத்தோடிருந்தாள். இன்று அங்கே பிள்ளைகளை விட்டிருப்போர், விடியுமுன் வேலைக்குப் போய் இருட்டியபின் வருவோர். கேட்டால் தம் பிள்ளைக்குத் தீங்கு வருமோ என்றஞ்சுவோர். சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்காற்பங்கு பெற்றோர் இருக்க வேண்டுமென்கின்றது. பாதிப்பேர் பெண்கள் ஆகவேண்டுமென்கின்றது. நல்ல சட்டந்தான். ஆனால் ஒருநாட் கூலியை இழந்து கூட்டத்திற்கு வந்த தாய், தீர்மானப் புத்தகத்திற் கையொப்பம் இட்டுவிட்டுப் போகும் கூட்டங்களே மிகுதி.

இந்நிலையை மாற்ற 2015-இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் ஒரு கடுமையான வழியைக் கூறிற்று. அரசாங்கச் சம்பளம் பெறுவோர் தம் பிள்ளைகளை அரசாங்கத் தொடக்கப் பள்ளிக்கே அனுப்ப வேண்டும் என்பது அத்தீர்ப்பு. உத்தரப் பிரதேச அரசாங்கம் அதை நிறைவேற்றவில்லை. பிள்ளைகளைக் கட்டாயப்படுத்திப் பணயம் வைப்பதில் நமக்கும் விருப்பமில்லை. ஆனால் அரசாங்கமே பணம் கொடுத்துத் தன் பள்ளியைக் காலி செய்வதை மட்டும் நம்மால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் பன்னிரண்டாம் பிரிவின்படித் தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் நூற்றுக்கு இருபத்தைந்து இடம் ஏழைப் பிள்ளைகளுக்கு. கட்டணத்தை அரசாங்கம் ஈடுசெய்யும். நகரத்தில் இது நன்மையாகலாம். பத்துப் பிள்ளைகள் உள்ள ஊரில் மூவரை இவ்வழியே அனுப்பினால், மிஞ்சிய எழுவருக்கு என்ன செய்வது? கர்நாடக அரசாங்கம் 2019-இல் விதியைத் திருத்தி, அண்மையில் அரசாங்கப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ இருக்குமிடங்களில் அவ்விடங்களை நிறுத்திவிட்டது. நம் நாட்டிலும் சிற்றூர்களின் மட்டில் அதனை ஆராய்தல் தகும்.

பள்ளிகளை இணைத்துவிட்டால் ஐந்து உபாத்தியாயர் கொண்ட ஒரு நல்ல பள்ளி கிடைக்குமே என்பாருக்கு நாம் முற்றும் மாறுபடவில்லை. ஒரு பிள்ளையுமில்லாத கட்டடத்தைப் பள்ளி என்று பெயர்சொல்லி வைத்திருப்பதிற் பயனில்லை. 2019-இல் அத்தகைய சிலவற்றை நூலகமாக்க அரசாங்கம் முற்பட்டபோது எழுந்த கூக்குரலில் நியாயமான பகுதி சிறிதே. ஆனால் பத்துப் பிள்ளைகள் உள்ள பள்ளியின் கதை வேறு. ஆறு வயதுப் பிள்ளை ஒரு கிலோமீட்டருக்குள் நடந்துபோகும் தூரத்திற் பள்ளி இருத்தல் வேண்டும் என்பதே சட்டத்தின் கருத்து. வேனுக்குப் பணமின்றி ஊரில் நின்றவனை, வேனில்லாமல் அடுத்த ஊருக்குப் போ என்பது எங்ஙனம்? வேற்றூரில் வேற்றுத் தெருவைக் கடந்து போகவேண்டிய பெண்பிள்ளை முதலில் மழைநாளில் நிற்பாள், பின்பு எல்லா நாளும் நிற்பாள். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் 31,008 அரசாங்கத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024 ஜூலையில் கிராமங்களிலுள்ள உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. பிள்ளையின் வாயருகே சோற்றைக் கொண்டுபோவது தகுமாயின், எழுத்தையும் அங்ஙனமே கொண்டுபோதல் தகும்.

உதவி பெறும் பள்ளிகள் என்றவுடன் நம் வீட்டுக் கதவையும் தட்டவேண்டியவராயினோம். பிறரைக் குறைகூறி நம்மவரை விடுத்தல் முறையன்று. ஓலைக்கூரையில் தொடங்கிய மிஷன் தொடக்கப் பள்ளிகள் பல இன்று முப்பது, இருபது, பத்துப் பிள்ளைகளோடு நிற்கின்றன. அவற்றுட் சிலவற்றின் மதிலுக்கு அப்பாலேயே அதே நிர்வாகத்தாரின் ஆங்கிலப் பள்ளி மூன்றடுக்கு மாடியோடு விளங்குகின்றது. சபையின் மூப்பர்கள் பிள்ளைகளும், அத்தமிழ்ப் பள்ளியின் உபாத்தியாயர்கள் பிள்ளைகளுங்கூட அம்மாடிக்குப் போகின்றனர். மிஷனெரிமார் யாரைத் தேடிக் கிராமத்துக்குப் போயினரோ, அவர்கள் பிள்ளைகள் மதிலுக்கு இப்பால். 2014-இல் உச்சநீதிமன்றம் சிறுபான்மையோர் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாதென்று தீர்ப்பளித்தது. அதனால் மேலாண்மைக் குழுவும் இருபத்தைந்து விழுக்காடும் நம்மைக் கட்டுப்படுத்தா. கட்டுப்பாடு நீங்கியதைக் கொண்டாடிய அளவுக்கு, கட்டுப்பாடின்றி நாமே செய்யக்கூடியதை எண்ணினோமா என்பதைச் சபையார் தம்முள் ஆராய்வாராக. மாடிப் பள்ளியின் வருமானத்தில் ஓர் உபாத்தியாயரின் சம்பளத்தை இத்தமிழ்ப் பள்ளிக்கு ஒதுக்குவதும், மூன்று வயது வகுப்பை இங்கே கட்டணமின்றித் தொடங்குவதும் பெரிய காரியங்களல்ல.

மாணாக்கர் செய்யக்கூடியதும் உண்டு. 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யில் ஊர்தோறும் படித்த பெண்களே பெரும்பாலும் தன்னார்வலராய் வந்து, மாலையிற் பிள்ளைகளை முற்றத்தில் இருத்திப் படிப்பித்தனர். பள்ளிகள் திறந்த ஆறு மாதத்திற்குள், இழந்த கல்வியில் மூன்றில் இரண்டு பங்கைத் தமிழ்நாட்டுக் கிராமப் பிள்ளைகள் மீட்டனர் என்றும், அம்மீட்சியில் ஏறக்குறைய நாலிலொரு பங்கு இம்மாலை வகுப்பால் விளைந்தது என்றும் ஓர் ஆராய்ச்சி கூறுகின்றது. ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் கிராமத்துப் பெண்கள் செய்த காரியம் அது. நம் நாட்டுநலப்பணி முகாமோ ஆண்டுக்கு ஏழு நாள் ஒரு கிராமத்துக்குச் சென்று, பள்ளிச் சுவருக்கு வெள்ளையடித்து, பிரியாவிடைக் கூட்டத்திற் புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்புகின்றது. அடுத்த ஆண்டு வேறொரு கிராமம். சுவர் வெண்மையாவதால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை வாசித்துவிடுமா? ஒரே ஊரை ஐந்தாண்டு எடுத்துக்கொண்டு, வாரத்தில் ஒரு மாலை இருவர் இருவராய்ச் சென்று, ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பக்கம் வாசிப்பதைச் செவிகொடுத்துக் கேட்டுக் குறித்து வந்தால், அந்தக் குறிப்பேடு இரண்டு உபாத்தியாயருக்கும் பெருந்துணையாகும். செலவு பேருந்துக் கட்டணமே.

பழைய மாணாக்கருக்கு ஒரு வார்த்தை. 2024-இல் அரசாங்கப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுக்களைத் திருத்தியமைத்தபோது, அப்பள்ளியிற் படித்த பழைய மாணாக்கருக்கும் அவற்றில் இடம் அளிக்கப்பட்டது. நகரத்தில் உத்தியோகத்திலிருப்பினும், தாம் படித்த ஊரில் இன்னும் வீடும் நிலமும் வைத்திருப்போர் நம்முட் பலர்; பொங்கலுக்கும் கிறிஸ்மஸுக்கும் போகின்றனர். அவ்விடத்தை வேண்டிப் பெற்று, மாதத்துக்கொரு முறை கூட்டத்திற் சென்றமர்ந்து, ‘ஏன் சார் பூட்டிக் கிடந்தது?’ என்று கேட்கும் அந்த வாயாக ஆவது அவர்களுக்கு இயலும். தம் பிள்ளையை அங்கே சேர்க்காதவர் கேட்பதற்கு என்ன உரிமை என்று உபாத்தியாயர் திருப்பிக் கேட்கலாம். கேட்டால், தாம் அங்கே படித்தவர் என்று சொல்லலாம். அண்மைக்காலமாக அரசாங்கப் பள்ளிகளிற் சேர்க்கை ஜூன் வரை காத்திராமல் மார்ச்சு முதல் தேதியே தொடங்கிவிடுகின்றது. வேன்காரர்கள் அதற்கு முன்பே, தை மாதத்திலேயே, தெருத்தெருவாக வந்து பேர் எழுதிப் போகின்றனர்.